வசூல் பட்டியலில் இருப்பது எந்த வருடத்து ரூபாய்?

தேயிலைமேடு (கோத்தகிரி)

பெரிய படம் ஒன்று வந்து ஒரு வாரம் ஆவதற்குள் ‘இதுவரை இல்லாத வசூல்’ என்று போஸ்டர் வந்துவிடுகிறது. எந்த வருடத்து ரூபாயில் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

உலகப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ‘அவதார்’ சுமார் 292 கோடி டாலர், ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ கிட்டத்தட்ட 280 கோடி டாலர். 2019இல் எண்ட்கேம் முந்தியது. 2021 மார்ச்சில் சீனாவில் அவதாரை மறுபடி வெளியிட்டார்கள், அது திரும்பவும் மேலே ஏறிவிட்டது. சரி. ஆனால் அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் 1990க்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லையே? அதற்கு முன்னால் உலகத்தில் யாரும் சினிமாவே பார்க்கவில்லையா?

1939இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ அமெரிக்காவில் மட்டும், எல்லா வெளியீடுகளையும் சேர்த்து, சுமார் 20 கோடி டாலர் வசூலித்தது. விற்ற டிக்கெட்டும் சுமார் 20 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். 1940 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் மக்கள்தொகையே 13 கோடிதான். இப்படி ஒரு படத்துக்கு வசூல் பட்டியலின் மேல்வரிசையில் இடமே இல்லை.

நம் நீலகிரி மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு 2023இல் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இருபத்தைந்து வருடம் முன்னால் கிடைத்த விலையையும் இன்றைய விலையையும் பக்கத்தில் வைத்து ‘விலை ஏறித்தானே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எவ்வளவு கோபம் வரும்? வசூல் பட்டியலும் அதே தப்பைத்தான் செய்கிறது.

எப்படிக் கணக்குப் போட்டால் நியாயமாக இருக்கும்? தமிழ்ப் படங்களுக்கு அதைச் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன் பையன்

இதில் என்ன சிக்கல், அண்ணா? விலைவாசிக் குறியீட்டால் பெருக்கினால் முடிந்தது. அமெரிக்காவில் 1939க்கும் 2019க்கும் நடுவில் விலைவாசி சுமார் 18.4 மடங்கு ஏறியிருக்கிறது. 20 கோடியை 18.4ஆல் பெருக்கினால் 368 கோடி டாலர். அவதாரின் மொத்த உலக வசூலைவிட அதிகம், அதுவும் ஒரே நாட்டில். முதலிடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

லவ்டேல் வாத்தியார்

தம்பி, அந்த 20 கோடி டாலரும் 1939இல் வந்ததில்லை. அந்தப் படத்தை 1947, 1954, 1961, 1967 என்று திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள், அதற்குப் பிறகும் வந்தது. 1967இல் வசூலான டாலர் 1939 டாலரைவிட மதிப்புக் குறைந்தது. அதையும் 18.4ஆல் பெருக்கினால் கணக்கு ஊதிப்போகும். ஒவ்வொரு வெளியீட்டையும் அந்தந்த வருடத்துக் குறியீட்டால் தனித்தனியாகப் பெருக்க வேண்டும்.

வேறு வழியில் சரிபார்க்கலாம். 20 கோடி டிக்கெட்டை 2019இன் சராசரிக் கட்டணம் 9.16 டாலரால் பெருக்குங்கள். 183 கோடி வருகிறது, நீங்கள் சொன்னதில் பாதி. அமெரிக்க அளவில் அப்போதும் அதுதான் முதலிடம், அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு மடங்கு வித்தியாசத்தைச் சின்னப் பிழை என்று விட முடியாது. நம் ஊரிலும் இதே கதைதான். மும்பை மினர்வாவில் 5 வருடத்துக்கு மேல் ஓடிய ‘ஷோலே’யின் வசூலில் 1975இன் ரூபாயும் 1980இன் ரூபாயும் கலந்துதான் இருக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பணவீக்கத்தைக் கழிக்கிறோம் என்று எல்லோரும் ஒரே பேச்சாகச் சொல்கிறார்கள். எந்த வீக்கத்தை? பொது விலைவாசியையா, சினிமா டிக்கெட்டின் விலையையா? இரண்டும் ஒரே வேகத்தில் ஏறவில்லை. நான் போட்டுப் பார்த்த கணக்கு இது.

‘டைட்டானிக்’ முதல் வெளியீட்டில் அமெரிக்காவில் சுமார் 60 கோடி டாலர், பெரும்பகுதி 1998இல் வந்தது. ‘ஸ்டார் வார்ஸ்: த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலுமாகச் சுமார் 93.7 கோடி டாலர். இரண்டையும் நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து 2024 டாலருக்கு மாற்றினால் டைட்டானிக் சுமார் 115 கோடி, ஸ்டார் வார்ஸ் சுமார் 123 கோடி. ஸ்டார் வார்ஸ் மேலே.

இப்போது அதே வசூலை அந்தந்த வருடத்துச் சராசரி டிக்கெட் விலையால் வகுப்போம். 1998இல் 4.69 டாலர், 2015, 2016இல் சுமார் 8.50. டைட்டானிக்குக் கிட்டத்தட்ட 12.8 கோடி டிக்கெட், ஸ்டார் வார்ஸுக்குச் சுமார் 11 கோடி. டைட்டானிக் மேலே!

அதே இரண்டு படம், அதே இரண்டு தொகை, வரிசை மட்டும் தலைகீழ். அந்தப் பதினேழு பதினெட்டு வருடத்தில் பொது விலைவாசி ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. டிக்கெட் மட்டும் ஒன்று புள்ளி எட்டு மடங்கு ஏறியிருக்கிறது. அதனால்தான் ‘பணவீக்கம் கழித்த பட்டியல்’ என்று யாராவது நீட்டினால், எதை வைத்துக் கழித்தீர்கள் என்று முதலில் கேட்கிறேன்.

வெலிங்டன் பையன்

அப்படியானால் இரண்டில் எது சரி சார்?

லவ்டேல் வாத்தியார்

தயாரிப்பாளர் கைக்கு வந்த பணத்தால் அன்றைக்கு என்னென்ன வாங்கியிருக்க முடியும் என்று கேட்டால் பொது விலைக் குறியீடு. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று கேட்டால் டிக்கெட். ரசிகர்களாக நமக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன். உலக வசூல் என்று வந்தால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. 1997இல் ஒரு டாலர் சுமார் 36 ரூபாய், 2024இல் 83க்கு மேல். நம் ஊரில் வசூலான ரூபாயை டாலராக்கி அதை அமெரிக்க விலைவாசியால் பெருக்குவதில் எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன.

பழைய ஆபரேட்டர் (ஊட்டி)

பல வருடம் புரொஜக்டர் ரூமில் இருந்தவன். வாத்தியார் ‘சராசரி டிக்கெட் விலை’ என்று சொன்னாரே, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அன்றைக்குத் தியேட்டரில் ஒரே விலை கிடையாது. தரை, பெஞ்ச், நாற்காலி, பால்கனி என்று பிரிவு பிரிவாக இருக்கும். தரை டிக்கெட்டுக்கும் பால்கனிக்கும் நடுவில் பல மடங்கு வித்தியாசம். சில படத்துக்குத் தரையும் பெஞ்சும்தான் நிரம்பும், பால்கனி காலியாகக் கிடக்கும். குடும்பப் படம் என்றால் தலைகீழ். இரண்டு படமும் ஒரே தொகை வசூலித்திருந்தால்கூட, தரை நிரம்பிய படத்தைப் பார்த்த தலை மிக அதிகம். மொத்த ரூபாயை ஒரு சராசரியால் வகுத்தால், ஏழை ஜனம் திரண்டு வந்து பார்த்த படம்தான் அடிபடும். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமான விஷயம். எந்தக் கூட்டம் அந்தப் படங்களை ஓட வைத்ததோ, கணக்கில் அந்தக் கூட்டமே சுருங்கிவிடுகிறது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். கான் வித் த விண்ட் முதலில் ஓடியபோது சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு கட்டணம் வைத்துத்தான் ஓட்டினார்கள். அதைச் சாதாரணச் சராசரியால் வகுத்தால் டிக்கெட் எண்ணிக்கை அதிகமாகக் காட்டும். குழந்தைகள் படத்துக்கு அரை டிக்கெட் நிறையப் போகும், அங்கே குறைவாகக் காட்டும். இப்போது 3டி கண்ணாடிக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்களே, அவதார் வசூலில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் நம் மலை. சினிமா வியாபாரத்தில் நீலகிரி கோவை ஏரியாவில் சேர்ந்தது. படம் கோவையில் ஓடி முடிந்து, கீழே மற்ற ஊர்களையும் சுற்றிவிட்டுத்தான் படச்சுருள் பெட்டி மலைக்கு மேலே வரும். எத்தனை பிரிண்ட் போட்டார்களோ அத்தனை ஊரில்தான் ஒரே நேரத்தில் ஓட்ட முடியும். சில படம் இங்கே வரும்போது அடுத்த பொங்கல் வந்திருக்கும். இன்றைக்கு வெளியான அன்றே எல்லா ஊரிலும் பார்க்கலாம், மூன்றே நாளில் கூட்டம் வடிந்துவிடும். ஒரு படம் எவ்வளவு வேகமாக வசூலித்தது என்பதையும் எவ்வளவு பேரைத் தொட்டது என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. ‘முதல் நாள் வசூல்’ என்ற பேச்சே அன்றைக்குக் கிடையாது.

கணக்கர் (குன்னூர்)

ஆபரேட்டர் ஐயா, தரை டிக்கெட் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

வருமான வரி வேலை செய்கிறவள் நான். தமிழ்ப் படத்துக்குக் கையில் உள்ளதை வைத்து ஒரு முயற்சி. நிலம் வீடு விற்றவர்களுக்கு ‘செலவுப் பணவீக்கக் குறியீடு’ தெரிந்திருக்கும், வாங்கிய பழைய விலையை விற்ற வருடத்து மதிப்புக்கு மாற்ற உதவும் எண். 2001-02இல் 100. 2010-11இல் 167. 2023-24இல் 348. அரசாங்கமே அறிவிக்கிற எண், யாரும் சண்டை போட முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விலைவாசி ஏற்றத்தில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் எடுத்து இதைத் தயாரிக்கிறார்கள். உண்மையான ஏற்றம் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

‘எந்திரன்’ 2010இல் வந்தது. உலக அளவில் 280, 290 கோடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. ‘ஜெயிலர்’ 2023, 600 கோடிக்கு மேல் என்கிறார்கள். இரண்டும் வெளியார் மதிப்பீடுதான், தணிக்கை செய்த கணக்கு இல்லை. 285 என்று வைத்து 348/167ஆல் பெருக்கினால் சுமார் 594 கோடி. பாதிகூட இல்லாததுபோல் தெரிந்த படம் தோளோடு தோள் வந்து நிற்கிறது.

ஆனால் வாத்தியார் சொன்ன டிக்கெட் முறையில் பார்த்தால் கதை மாறுகிறது, அதுவும் அமெரிக்காவுக்கு நேர் எதிராக! தமிழ்நாட்டில் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு உண்டு. மல்டிபிளெக்ஸில் பல வருடம் 120 ரூபாயைத் தாண்ட முடியாது. 2017 அக்டோபரில்தான் வரி நீங்கலாக 150 ஆக்கினார்கள். வரியும் சேர்த்து, ஜெயிலர் வந்த 2023இல் கையிலிருந்து போனது 190 ரூபாய் அளவு. 120இலிருந்து 190 என்றால் 1.58 மடங்கு. அதே காலத்தில் பொது விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அங்கே டிக்கெட் விலைவாசியை முந்தியது. இங்கே, மேல்தட்டு டிக்கெட்டில், பின்தங்கியது. எந்திரனை 1.58ஆல் பெருக்கினால் 450 கோடிதான். அப்போது ஜெயிலர் தெளிவாக முன்னால். (உலக வசூலில் வெளிநாடு, ஆந்திரா, வடக்கு எல்லாம் கலந்திருப்பதால் இது ஒரு திசைகாட்டிதான், தீர்ப்பு இல்லை. ஒற்றைத் திரைக் கட்டணம் வேறு விதமாக நகர்ந்தது.)

வரியையும் விட முடியாது. எந்திரன் காலத்தில் தமிழ்ப் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 120 ரூபாயும் தியேட்டருக்கும் விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள பணம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, அதோடு உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேர்ந்தது. 2023இல் அந்த 190 ரூபாயில் கிட்டத்தட்ட 40 ரூபாய் வரி, ஐந்தில் ஒரு பங்கு. போஸ்டரில் போடுவது மொத்த வசூல், அதாவது கிராஸ். அரசாங்கத்துக்குப் போன வரியையும் நடிகரின் சாதனையில் சேர்த்து எண்ணுகிறோம். ஒப்பிட வேண்டுமானால் வரி கழித்த நெட்டை வைத்து ஒப்பிடுங்கள். அதுவே முதல் படி.

வெலிங்டன் பையன்

அக்கா, 190 என்று எழுதியிருக்கிறீர்கள். போன தீபாவளிக்குக் கீழே ஒரு தியேட்டரில் முதல் நாள் காலைக் காட்சிக்கு நானும் நண்பர்களும் கொடுத்தது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். டிக்கெட்டில் அச்சடித்த விலை ஒன்று, வாங்கிய காசு ஒன்று. அந்த வித்தியாசம் எந்த வசூலில் வரும்?

கணக்கர் (குன்னூர்)

எதிலும் வராது தம்பி. தியேட்டர் தினமும் எழுதும் டி.சி.ஆர். (தினசரி வசூல் அறிக்கை) கணக்கில் அச்சடித்த விலைதான் ஏறும். வெளியே ‘இவ்வளவு கோடி’ என்று பரவும் தொகையில் மேலே வாங்கியதையும் சிலர் உத்தேசமாகச் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஒரே படத்துக்கு ஆளுக்கொரு தொகை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நானும் அந்தக் கூடுதல் காசைக் கொடுத்தவள்தான், கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இதனால் ஒன்று உறுதியாகிறது. ரூபாயில் எத்தனை கலப்படம் இருந்தாலும், உட்கார்ந்த தலை ஒன்று ஒன்றுதான்.

மலர் (பந்தலூர்)

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்து தோட்டத்தில் குடியேறியது. எங்களுக்கு விலைவாசிக் குறியீடு எல்லாம் தெரியாது. அப்பா அம்மா காலத்தில் கணக்கு ஒன்றுதான்: ஒரு நாள் கூலியில் எத்தனை பேர் படம் பார்க்கலாம்? தரை டிக்கெட் என்றால் வீட்டில் எல்லோரும் போய்விட்டுத் தின்பதற்கும் ஏதாவது வாங்கலாம். செலவைவிடப் பெரிய தடை கடைசி பஸ்தான்.

இன்று அக்கா சொன்ன மல்டிபிளெக்ஸ் டிக்கெட் இரண்டு எடுத்தால் தோட்டக் கூலியில் ஒரு நாள் சம்பளத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. அதற்கு மேல் பஸ் செலவு. சட்டப்படி முன்வரிசையில் மலிவு டிக்கெட் உண்டு என்பார்கள், எங்கள் ஆட்கள் போய்க் கேட்கும்போது கிடைத்ததில்லை. டிக்கெட் விலை பொது விலைவாசியைவிடக் குறைவாகத்தான் ஏறியது என்று அக்கா எழுதியதைத் தப்பென்று சொல்லவில்லை. அது மல்டிபிளெக்ஸ் டிக்கெட். நாங்கள் வாங்கிய டிக்கெட் ஏறவில்லை, ஒழிந்துவிட்டது. தரையும் பெஞ்சும் எடுத்துவிட்டார்கள், அந்தத் தியேட்டர்களே பலதும் மூடிவிட்டன. ஒழிந்துபோன டிக்கெட்டின் விலை எந்தக் குறியீட்டில் வரும்?

அதனால் விலைவாசியோடு கூலியையும் வைத்துப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். அன்றைய பெரிய படத்தை யார் பார்த்தார்கள், இன்றைய பெரிய படத்தை யார் பார்க்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

லவ்டேல் வாத்தியார்

மலர், இந்த இழையில் யாரும் தொடாத இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பொருளாதாரத்தில் கூலியை வைத்து ஒப்பிடுவதும் ஒரு முறையான வழிதான். வெறும் பாட்டாளிக் கணக்கு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இந்தத் தொல்லை எல்லாம் இல்லாத நாடுகள் இருக்கின்றன. பிரான்சில் படத்தின் வெற்றியைப் பணத்தில் சொல்வதே அபூர்வம், எத்தனை டிக்கெட் என்றுதான் சொல்வார்கள். அங்கே டைட்டானிக் 2 கோடிக்கு மேல். 2008இல் வந்த அவர்கள் ஊர் நகைச்சுவைப் படம் ஒன்றும் 2 கோடியைத் தாண்டியது. பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு படத்தையும் எந்தப் பெருக்கலும் இல்லாமல் நேராகப் பக்கத்தில் வைக்கலாம். தென் கொரியாவில் எல்லாத் தியேட்டர் டிக்கெட்டும் அரசுத் திரைப்பட அமைப்பின் ஒரே கணினி வலைக்குள் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2014இல் வந்த கடற்போர்ப் படம் ஒன்றுக்கு அங்கே 1.76 கோடி டிக்கெட். நாட்டு மக்கள்தொகை 5 கோடி சொச்சம். மூன்று பேரில் ஒருவர் அளவுக்கு என்று பார்த்தவுடனே புரிகிறது.

தேயிலைமேடு (கோத்தகிரி)

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் சார்.

ஒரு எதிர்வாதத்தை நானே வைக்கிறேன், யாராவது எப்படியும் கேட்பார்கள். டிக்கெட் எண்ணினாலும் காலத்தைத் தாண்ட முடியாது. 1939இல் அமெரிக்க வீடுகளில் டிவி இல்லை என்றே சொல்லலாம். 1948இல் ‘சந்திரலேகா’ வந்தபோது இங்கே சினிமாவுக்குப் போட்டி திருவிழாவும் கூத்தும் நாடகமும்தான். இன்றைய படத்தைச் சில வாரத்தில் கைபேசியில் பார்த்துவிடலாம். அதைத் தாண்டியும் லட்சக்கணக்கான பேரை வீட்டைவிட்டுக் கிளப்பித் தியேட்டருக்குக் கூட்டிவருவது இன்னும் பெரிய காரியம் இல்லையா? இன்னொரு பக்கம் மக்கள்தொகை. 1971இல் தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர், 2011இல் 7.21 கோடி. அதே எண்ணிக்கை டிக்கெட் விற்றாலும் அன்றைக்கு அது பெரிய பங்கு.

இவை எல்லாம் உண்மைதான். ஆனால் டிக்கெட் எண்ணிக்கை கையில் இருந்தால்தான் இந்த வாதத்தையே ஒழுங்காகச் செய்ய முடியும். மக்கள்தொகையால் வகுக்கலாம், திரைகளின் எண்ணிக்கையால் வகுக்கலாம், மலர் சொன்ன கூலியோடு வைக்கலாம். ரூபாயிலிருந்து ஆரம்பித்தால் முதல் அடியிலேயே வழி தவறுகிறது. தமிழ்நாட்டில் டிக்கெட் பெரும்பாலும் கணினியில்தான் விற்கிறது. எண்ணிக்கை எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது, வெளியே வரவில்லை. அதை வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டியது ரசிகர்கள்தான். கேட்காமல் கோடிகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆபரேட்டர் ஐயா, பழைய காலத்துக்கு டி.சி.ஆர். எதுவும் மிச்சம் இருக்குமா?

பழைய ஆபரேட்டர் (ஊட்டி)

சில இடத்தில் இருக்கும் தம்பி. தியேட்டர் மூடினாலும் வரிக்காக வைத்திருந்த புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டவர்கள் உண்டு. இங்கே ஈரம், கரையான், இரண்டும் சேர்ந்து தின்றது போக என்ன மிச்சமோ. ஒவ்வொரு காட்சிக்கும் பிரிவு வாரியாக எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை டிக்கெட் கிழித்தோம், என்ன விலை, எவ்வளவு வரி என்று வரிசையாக எழுதியிருப்போம். அரை டிக்கெட்டும் தெரியும். நீங்கள் மேலே கேட்டுக்கொண்டிருப்பது அத்தனையும் அந்த ஒரு தாளில் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி குடும்பத்திடம் ஞாயிற்றுக்கிழமை பேசிப் பார்க்கிறேன். படம் எடுக்க அனுமதித்தால் போதும், புத்தகத்தைக் கேட்க வேண்டாம்.

கணக்கர் (குன்னூர்)

படம் அனுப்புங்கள் ஐயா, நான் ஏற்றித் தருகிறேன். தேதி, காட்சி, பிரிவு, விற்ற எண்ணிக்கை, அச்சு விலை, வரி, இவை ஆறும் தனித்தனி நெடுவரிசையில். மொத்தத் தொகை மட்டும் எழுதிய பக்கம் இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். அதைச் சராசரியால் வகுத்து டிக்கெட் எண்ணிக்கை என்று நிரப்பக்கூடாது.

மலர் (பந்தலூர்)

ஏழாவதாக ஒன்று சேர்க்க முடியுமா அக்கா? அந்த வருடத்துத் தோட்டத் தினக்கூலி. பழைய சம்பளச் சீட்டுகள் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், சிலரிடம் இருக்கின்றன. கேட்டு வாங்குகிறேன்.

கணக்கர் (குன்னூர்)

சேர்த்துவிட்டேன்.